நெஞ்சுக்கூட்டுக்குள் ஓடும் ஏர்

என் தங்கை மகளுக்கு ஒன்பதாம் வயதில் சர்க்கரை நோய் என்று தெரிந்தபோது, பாலக்கோட்டில் அவர்கள் வீட்டுக்கு வந்துபோன உறவினர்கள் ஆளுக்கொரு காரணத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். பிஸ்கட்டும் மிட்டாயும் கொடுத்துப் பிள்ளையைக் கெடுத்துவிட்டீர்கள் என்றார் ஒருவர். சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான் வரும் என்றார் இன்னொருவர். அப்படிச் சொன்னவர் தன் அக்கா மகளைக் கட்டியவர் என்பது வேறு கதை. மற்றவர்களில் பெரும்பாலானோர் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி போதவில்லை என்று தீர்ப்புச் சொல்லி, அதைக் கூட்டுவதற்கென்று நெல்லிக்காய் லேகியமும் கடையில் விற்கும் சத்துமாவு டப்பாக்களும் கொண்டுவந்து வைத்தார்கள். அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் சீமையில் பிறந்துவிட்டு நெல்லியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் அந்த மூன்றாவது காரணம்தான் மற்ற இரண்டையும்விட என்னை அதிகமாக உறுத்தியது. நடந்தது அதற்கு நேர் எதிரானது.

அந்தக் கோடையில் பிள்ளை பானையும் சொம்புமாகவே இருந்தாள். இரவில் நான்கைந்து முறை எழுந்து தண்ணீர் குடித்தாள். படுக்கையை நனைக்கும் வழக்கம் நின்று ஐந்து வருடம் ஆனவள் மறுபடி நனைத்தாள். பள்ளிச் சீருடையின் இடுப்பு இரண்டு விரற்கடை தொளதொளத்தது. முதலில் காட்டிய இடத்தில் வெயில் சூடு என்று சொல்லிப் பூச்சி மருந்து கொடுத்து அனுப்பினார்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நான்கு நாள் கழித்து, பழுத்த பழத்தின் வாடை மூச்சில் வீச, நெஞ்சு ஏறி இறங்கத் தருமபுரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சர்க்கரை 480 இருந்தது. பிள்ளை தேறிய பிறகு, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தங்கை கேட்டாள்: "அண்ணா, நான் என்ன தப்புப் பண்ணேன்?"

மேல்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் விலங்கியல் நடத்தியவன் நான். உடம்பின் காவல் செல்களே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டன என்று சொன்னேன். "நம்ம உடம்பையே அது ஏன் அழிக்குது?" என்று அவள் கேட்டதும் நின்றுவிட்டேன். அதற்கான விடை தொடங்கும் இடமாகிய தைமஸ் சுரப்பியை, நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தின் கடைசியில், மணி அடிப்பதற்கு முந்திய ஐந்து நிமிடத்தில், நான்கு வரியில் முடித்துவிட்டுப் போவதுதான் என் வழக்கமாக இருந்தது. அந்த நான்கு வரிக்குப் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறேன்.

தைமஸை நான் முதன்முதலில் உருப்படியாகப் பார்த்தது ஆய்வுக்கூடத்தில் அல்ல, கறிக்கடையில். வாடிக்கையாக நான் போகும் கடைக்காரர், குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு பிடித்து வருபவர். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இளங்குட்டி ஒன்றை உரித்துத் தொங்கவிட்டிருந்தார். மார்பெலும்பைப் பிளந்தபோது இதயத்தின் மேலே வெளிறிய ரோஜா நிறத்தில் இரண்டு மடல்கள் தெரிந்தன. சிறுசிறு மணிகளைக் கோத்து நெருக்கியது போன்ற மேற்பரப்பு. மூச்சுக்குழலின் இரு பக்கமும் கழுத்து வரைக்கும் அதன் தொடர்ச்சி ஏறியிருந்தது. கொழுப்பு போலத் தோன்றினாலும் விரலால் அமுக்கினால் வழுக்காமல் மெத்தென்று அமிழ்ந்தது. என்ன பாய் இது என்றேன். "இது குட்டியிலதான் சார் இருக்கும். கெடாயில தேடினா வெறும் கொழுப்புதான்" என்று சொல்லி, அதை அறுத்துத் தனியே வைத்தார்.

எந்தப் புத்தகமும் படிக்காமல் அவர் சொன்னது மனிதருக்கும் அப்படியே பொருந்தும். நம் மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ், பருவ வயதில் முப்பது நாற்பது கிராம் வரை வளர்ந்து, பிறகு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி, அதன் இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது. பெரியவர்களின் சடலத்தில் இப்படிச் சூம்பிக் கிடந்ததைப் பார்த்தே, இது பயனற்ற உறுப்பு என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1961இல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்து ஒரு நாள் ஆன எலிக்குஞ்சுகளிடமிருந்து தைமஸை எடுத்துவிட்டுப் பார்த்தார். அவை சாதாரணத் தொற்றுகளுக்கே மெலிந்து செத்தன. வேற்று எலியின் தோலை ஒட்டினால் அதை அந்நியம் என்று தள்ளிவிடவும் அவற்றுக்குத் தெரியவில்லை. டி செல்கள் என்று இன்று நாம் சொல்லும் வெள்ளணுக்கள் பக்குவப்படும் இடம் இதுதான் என்பது அந்த வேலையிலிருந்து வந்தது. அந்தப் பெயரில் உள்ள 'டி' தைமஸின் முதலெழுத்து.

டி செல் ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பில் ஓர் ஏற்பியைத் தாங்கி நிற்கிறது. இன்ன கிருமி வரும் என்று முன்கூட்டியே தெரிந்து செய்யப்படுவதல்ல அந்த ஏற்பி. மரபணுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துப் போட்டு, வந்தது வரட்டும் என்று கோடிக்கணக்கான விதங்களில் உருவாக்கப்படுகிறது. நாளை புதிதாக ஒரு வைரஸ் தோன்றினாலும் அதைப் பிடிக்க ஏதோ ஒரு டி செல் நம்மிடம் இருக்கும் என்பது இந்தக் குருட்டுத்தனத்தின் லாபம். அதே குருட்டுத்தனத்தால், நம் இன்சுலினைப் பிடிக்கும் ஏற்பியும் தைராய்டுப் புரதத்தைப் பிடிக்கும் ஏற்பியும் உருவாகியே தீரும். அதாவது, தன் உடம்பைத் தாக்கக்கூடிய செல்கள் நோயாளிகளிடம் மட்டும் உருவாகின்றன என்பதில்லை. உங்களிடமும் என்னிடமும் அன்றாடம் உருவாகின்றன. அவை வெளியேறுவதற்கு முன்பு தைமஸ் வடிகட்டுகிறது என்பதால்தான் பெரும்பாலோர் பிழைத்துக் கிடக்கிறோம்.

வடிகட்டல் இரண்டு கட்டமாக நடக்கிறது. தைமஸின் வெளிப்பகுதியாகிய கார்டெக்ஸில், எதையுமே பிடிக்கத் தெரியாத ஏற்பி உள்ளவை கழிந்துபோகின்றன. உட்பகுதியாகிய மெடுல்லாவில், உடம்பின் சொந்தப் புரதத்தை இறுகப் பிடிப்பவை தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. உள்ளே தொடங்கியவற்றில் நூற்றுக்கு ஐந்துகூட உயிரோடு வெளியே வருவதில்லை. நீட் தேர்வைக் கடுமையானது என்று சொல்லும் என் மாணவர்களிடம் இதைச் சொல்லாமல் விட்டதில் எனக்கு வருத்தமுண்டு.

இங்கேதான் ஒரு முடிச்சு விழுகிறது. இன்சுலினைத் தாக்கும் செல்லைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் அதன் முன்னால் இன்சுலினைக் காட்ட வேண்டும். இன்சுலின் சுரப்பது வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம். தைமஸோ நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கிறது. கண்ணின் விழித்திரைப் புரதமும் வயிற்றுச் சுவரின் புரதமும் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியின் நொதிகளும் இப்படியே அவையவற்றின் இடத்தில்தான் உருவாகின்றன. நம் எல்லாச் செல்களிடமும் ஏறத்தாழ இருபதாயிரம் புரத மரபணுக்கள் அடங்கிய ஒரே பட்டா இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டிய வயல்களை மட்டும் சாகுபடி செய்துகொண்டு மற்றதைத் தரிசாகப் போட்டுவிடுகிறது. கண் செல்லில் இன்சுலின் வயல் தரிசு. கணையத்தில் விழித்திரை வயல் தரிசு. மரபணு ஒழுங்குமுறை என்று நாங்கள் பாடம் நடத்துவது இந்தக் கட்டுப்பாட்டைத்தான். இதை மீறினால் கண் கண்ணாக இராது. ஆகவே, தனித்தனி உறுப்புகளுக்கே உரிய புரதங்களைப் பற்றிய பாடம் தைமஸில் நடக்க வாய்ப்பில்லை, அது வெளியே வேறு எங்கோ நடக்க வேண்டும் என்று பல பத்தாண்டுகள் கருதினார்கள்.

அந்தக் கருத்து தவறு. தைமஸின் மெடுல்லாவில் இருக்கும் சில எபிதீலியச் செல்கள், உடம்பில் வேறெந்தச் செல்லும் செய்யத் துணியாத காரியத்தைச் செய்கின்றன: தரிசாகக் கிடக்கும் வயல்களை எல்லாம் திறந்துவிடுகின்றன. கணையம், கல்லீரல், தைராய்டு, கண், உமிழ்நீர்ச் சுரப்பி என்று எந்த உறுப்பின் மரபணுவானாலும் சிறிதளவு அங்கே படியெடுக்கப்படுகிறது. ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் புரூனோ கீவ்ஸ்கியின் குழுவினர் 2001இல் இதைத் தெளிவாக எழுதினார்கள். இன்றைய கணக்குப்படி, இந்தச் செல்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நம் புரத மரபணுக்களில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் அங்கே வெளிப்படுகின்றன. நெஞ்சுக்குள் உள்ளங்கையளவு இடத்தில் உடம்பின் மாதிரி முழுவதும் விரித்து வைக்கப்பட்டிருக்கிறது.

இதைச் செய்விக்கும் மரபணு, தைமஸை ஆராய்ந்தவர்களிடம் அகப்படவில்லை; ஓர் அரிய நோயின் வழியாக அகப்பட்டது. ஃபின்லாந்தில் ஏறக்குறைய இருபத்தைந்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் அந்த நோயில், சிறுவயதிலேயே வாயிலும் நகத்திலும் ஆறாத பூஞ்சைப் புண், பிறகு ரத்தத்தில் கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பியின் அழிவு, அதன்பின் அட்ரினல் சுரப்பியின் அழிவு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரே ஆளுடைய உடம்பில் இத்தனை உறுப்புகள் தாக்கப்படுவதற்கு ஒரே மரபணுவின் கோளாறு காரணம் என்று 1997இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. இருபத்தோராம் குரோமோசோமில் இருக்கும் அந்த மரபணுவுக்கு, உடம்பு தன்னையே தாக்கும் தன்னெதிர்ப்பை நெறிப்படுத்துவது என்ற பொருளில் நீண்ட ஆங்கிலப் பெயர் வைத்து, அதை AIRE என்று சுருக்கினார்கள். சுருக்கத்தை எழுத்துக் கூட்டிச் சொல்லாமல் 'ஏர்' என்றே உச்சரிக்கிறார்கள். மானாவாரி நிலத்தில் புழுதி உழவு பார்த்து வளர்ந்த எனக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. வெள்ளைக்காரர்கள் அறியாமல் வைத்த பெயர் இவ்வளவு பொருந்திப்போனதை நான் வேறெங்கும் கண்டதில்லை. இறுகிக் கிடக்கும் தரிசைப் பிளந்து விடுவதுதானே ஏரின் வேலை!

அது பிளக்கும் விதத்தைச் சற்று நின்று பார்க்கலாம். சாதாரணமாக ஒரு மரபணுவைத் திறக்கும் புரதம், டி.என்.ஏ.வில் தனக்கென்று எழுதப்பட்ட சில எழுத்துகளைத் தேடி அங்கே போய் உட்காரும். இன்சுலினுக்கு ஒரு கூட்டம், விழித்திரைக்கு ஒரு கூட்டம் என்று தனித்தனி ஆட்கள் உண்டு. அந்த முறைப்படி எல்லா உறுப்புகளின் ஆட்களையும் ஒரே செல்லுக்குள் கூப்பிட்டால் பெரும் குழப்பம் வரும். ஏர் அந்த வழியில் போவதில்லை. டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்னும் புரத உருளைகளில் சுற்றிக் கிடக்கிறது. வேலை நடக்கும் மரபணுவின் ஹிஸ்டோன் வாலில், நான்காவது இடத்தில் உள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தின் மேல், மெத்தில் என்னும் சிறு குறி ஏறியிருக்கும். மூடிக் கிடப்பதில் அந்தக் குறி இருக்காது. ஏர் புரதத்தின் ஒரு பகுதி, அந்தக் குறி இல்லாத வாலைத்தான் பற்றிக்கொள்கிறது. கையொப்பம் விழாத கோப்புகளை மட்டும் தேடி எடுக்கும் குமாஸ்தாவைப் போல, இல்லாமையையே முகவரியாகக் கொள்கிறது. பிறகு, படியெடுக்கும் நொதியாகிய ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் அங்கே தொடங்கிய இடத்திலேயே மூச்சடைத்து நின்றிருந்தால், அதை நகர்த்திவிடும் துணைப் புரதங்களை வரவழைத்து, மேலே ஓடவைக்கிறது. எந்த உறுப்பின் மரபணு என்று ஏருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஏர் பிடித்தவன் நிலத்தைப் பார்த்து உழுகிறானே தவிர, போன வருடம் அதில் கேழ்வரகு போட்டதா கொள்ளு போட்டதா என்று மாட்டுக்குத் தெரியுமா?

ஒரே செல்லில் எல்லா வயலும் உழப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட ஒரு புரதத்தை எடுத்துக்கொண்டால், அந்தச் செல்களில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரையே அதைக் காட்டுகின்றன. போச்சம்பள்ளியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ஒருவர் புளி மட்டும் வைத்திருப்பார், இன்னொருவர் கோழி மட்டும், மற்றொருவர் கொடுவாள் மட்டும். எவரிடமும் எல்லாம் இராது. ஆனால் சந்தையைச் சுற்றி வருபவருக்குக் கிடைக்காத பொருள் இல்லை. வளரும் டி செல் மெடுல்லாவில் நான்கைந்து நாள் தங்கி இப்படிக் கடை கடையாய் ஏறி இறங்குகிறது. தன் ஏற்பியில் எதுவும் அழுத்தமாகச் சிக்காவிட்டால் ரத்தத்துக்குப் போகலாம். சிக்கினால், அங்கேயே கதை முடிகிறது. இந்தக் கடைக்காரச் செல்களைப் பக்குவப்படுத்தி, அவற்றில் ஏரைப் பூட்டும் சமிக்ஞைகளில் ஒரு பகுதி வளரும் டி செல்களிடமிருந்தே வருகிறது என்பது இன்னொரு வேடிக்கை. பிள்ளைகள் வந்து சேர்ந்தால்தான் வாத்தியார் வேலைக்குத் தகுதியாகிறார்.

2022இல் பாஸ்டனிலிருந்து வந்த ஓர் ஆய்வு இந்தச் சந்தைப் படத்தைக் கொஞ்சம் திருத்தியது. ஏர் வேலை செய்து முடித்த சில செல்கள் பிறகு தசைச் செல்லைப் போலவோ குடல் செல்லைப் போலவோ தோல் செல்லைப் போலவோ வேடம் கட்டி நிற்கின்றன என்றும், அந்தந்த உறுப்புக்குரிய ஒழுங்குமுறைப் புரதங்களையே அதற்குப் பயன்படுத்துகின்றன என்றும் அது காட்டியது. தைமஸில் தசை போன்ற செல்கள் தென்படுவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு நுண்ணோக்கிக்காரர்களே பார்த்திருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு மேல் அந்தச் செய்தி அடிக்குறிப்பாகவே கிடந்தது.

இவ்வளவும் நடப்பதால்தான் நோய் வராமல் இருக்கிறது என்பதற்குச் சான்று என்ன என்று வகுப்பில் யாராவது கேட்டால், நான் இரண்டு எலிச் சோதனைகளைச் சொல்வேன். டயான் மேதிஸ், கிறிஸ்தோஃப் பென்வா குழுவினர் 2002இல் ஏர் இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அவற்றின் தைமஸில் பிற உறுப்புகளின் மரபணுக்கள் பல மௌனமாயின. கண், உமிழ்நீர்ச் சுரப்பி, வயிறு என்று பல உறுப்புகளில் வெள்ளணுக்கள் புகுந்தன. அந்தத் தைமஸின் கட்டுமானச் செல்களை மட்டும் எடுத்து, தைமஸே இல்லாத வேறு எலிகளுக்கு வைத்தபோது அவற்றுக்கும் அதே கதி நேர்ந்தது. குற்றம் உறுப்புகளில் இல்லை, பாடம் நடத்திய இடத்தில் இருந்தது என்பதற்கு இது போதும். நான்கு ஆண்டு கழித்து வந்த இரண்டாவது சோதனை இன்னும் கூர்மையானது. ஏர் நன்றாக ஓடும் எலிகளில், விழித்திரையின் ஒரே ஒரு புரதம் மட்டும் தைமஸில் வெளிப்படாதபடி செய்தார்கள். மற்ற ஆயிரக்கணக்கான புரதங்கள் ஒழுங்காகக் காட்டப்பட்டபோதும், அந்த எலிகளுக்குக் கண்ணில் அழற்சி வந்தது. சந்தையில் ஒரு கடை வராமல் போனதற்கு அவ்வளவு விலை.

என் மருமகளின் கதைக்கு நெருங்கி வரும் செய்தி இன்சுலினைப் பற்றியது. அவளுக்கு ஃபின்லாந்துக்காரர்களின் நோய் இல்லை. ஏர் மரபணு உடைந்தவளும் இல்லை. அவளுக்கு வந்த முதல் வகை நீரிழிவு, பல மரபணுக்களும் அவற்றோடு சூழலும் கூடி உண்டாக்குவது. அதில் பெரும்பங்கு, புரதத் துண்டுகளை டி செல்லுக்கு ஏந்திக் காட்டும் எச்.எல்.ஏ. மரபணுக்களுடையது. அதற்கு அடுத்த நிலையில் வருவதுதான் நான் சொல்ல வந்தது. பதினோராம் குரோமோசோமில் இன்சுலின் மரபணுவுக்குச் சுமார் அறுநூறு எழுத்துகள் முன்னால், பதினான்கு பதினைந்து எழுத்துள்ள ஒரு தொடர் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. சிலரிடம் அது 26 முதல் 63 தடவை வரும். சிலரிடம் 141 முதல் 209 தடவை வரும். இன்சுலினின் அமைப்பில் இதனால் ஓர் எழுத்துக்கூட மாறாது. மாறுவது அளவு. நீண்ட தொடர் உள்ளவர்களின் தைமஸில் இன்சுலின் செய்தி இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் படியெடுக்கப்படுவதை 1997இல் இரண்டு குழுக்கள் அறிவித்தன. நோயிலிருந்து கொஞ்சம் காப்பு உள்ளவர்களும் அவர்கள்தான். குட்டைத் தொடர் உள்ளவர்களுக்கு நெஞ்சுக்குள் நடக்கும் பாடத்தில் இன்சுலின் சற்று மங்கலாகக் காட்டப்படுகிறது. அதைப் பிடிக்கும் சில டி செல்கள் தப்பித்து வெளியேற அந்த மங்கல் இடம் கொடுக்கிறது.

எலிகளில் இதற்கு ஒத்த சான்று உண்டு. அவற்றுக்கு இன்சுலின் மரபணு இரண்டு. கணையத்தில் இரண்டும் வேலை செய்யும், தைமஸில் முக்கியமாக இரண்டாவது மட்டும் வெளிப்படும். நீரிழிவுக்கு ஆளாகும் இனத்தில் அந்த இரண்டாவதை நீக்கியபோது நோய் இன்னும் சீக்கிரம் வந்தது. கணையத்துக்கு இன்சுலின் குறைவில்லை. நெஞ்சுக்குள் காட்டுவதற்குத்தான் இல்லாமல் போயிற்று.

நான் இதை விதி என்று எழுதவில்லை. ஒரே கருமுட்டையில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் மற்றவருக்கும் வந்தே தீரும் என்பதில்லை. தைமஸின் வடிகட்டி எவருக்கும் முழுமையானதல்ல என்பதால், அதில் தப்பியவற்றைக் கண்காணிக்க இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. சொந்தப் புரதத்தை ஓரளவு இறுக்கமாகப் பிடிக்கும் சில செல்கள் தைமஸில் சாகடிக்கப்படாமல், ஃபாக்ஸ்பி3 என்னும் மரபணு திறக்கப்பட்டு, மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் காவலர்களாக மாற்றப்படுகின்றன. இந்த ஒழுங்குபடுத்தும் செல்களைக் கண்டறிந்ததற்காகவே ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025இன் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அதை விரித்தால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும்.

இப்போது லேகியத்துக்கு வருகிறேன். எதிர்ப்புச் சக்தி என்பது தொட்டித் தண்ணீர் போலக் கூடும், குறையும், கூட்டினால் நல்லது என்று நம் ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏர் உடைந்தவர்களின் பூஞ்சைப் புண்ணைப் பார்த்தவர்கள் நெடுநாள் திகைத்தது இந்த இடத்தில்தான். தன் உடம்பையே தாக்கும் அளவுக்குச் சக்தி மிகுந்தவர்களுக்குச் சாதாரணப் பூஞ்சையை விரட்ட ஏன் முடியவில்லை? 2010இல் விடை வந்தது. பூஞ்சையை விரட்ட டி செல்கள் அனுப்பும் இன்டர்லூக்கின்-17 போன்ற புரதத் தூதுகளும் உடம்பின் சொந்தப் பொருள்தானே? பாடம் கற்காத அவர்களின் காவற்படை, அந்தத் தூதுகளுக்கு எதிராகவே எதிர்ப்பான்களை உண்டாக்கி அவற்றை முடக்கிவிடுகிறது. கூடுதலா குறைவா என்று அளந்தால் இதில் ஒன்றும் புரியாது. இலக்கு தவறியிருக்கிறது என்று பார்த்தால் புரியும். என் மருமகளுக்கும் குறைவாக எதுவும் இருந்ததில்லை. இருந்ததில் ஒரு சிறு பகுதி தப்பான திசையில் பாய்ந்தது. சத்துமாவு டப்பாவில் அதைத் திருப்பிவிடும் பொருள் எதுவும் இல்லை, நிறையச் சர்க்கரை இருந்தது.

சொந்தத்தில் கட்டுவதைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஏர் உடைந்து வரும் அந்த அரிய நோய் பெரும்பாலும், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்து சேர்ந்தால்தான் தோன்றும். ஃபின்லாந்துக்காரர்களிடம் மிகுதியாகக் காணப்படும் பழுது, 545 அமினோ அமிலம் நீளமுள்ள புரதத்தை 257ஆவது இடத்திலேயே முற்றுப்புள்ளி வைத்து நிறுத்திவிடுவது. ஒரு பிரதி நன்றாக இருந்தால் வண்டி ஓடிவிடும். மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டும் எங்கள் பக்கத்தில், இத்தகைய இரட்டைப் பழுது நோய்களுக்கு வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. அதை நான் வகுப்பில் மறைத்ததில்லை. ஆனால் முதல் வகை நீரிழிவு அந்தக் கணக்கில் வருவதல்ல. என் தங்கை கட்டியிருப்பது அந்நியத்தில் என்பதை அந்த உறவினர் மறந்துவிட்டுப் பேசினார்.

பாய் சொன்ன வாக்கியம் எனக்கு முழுதாகப் புரிந்தது வெகுநாள் கழித்துத்தான். 2009இல் வந்த ஒரு சோதனையில், எலிகளில் ஏர் மரபணுவை வேண்டும்போது திறக்கவும் மூடவும் முடிகிறபடி அமைத்தார்கள். பிறந்த முதல் மூன்று வாரம் மட்டும் அதை ஓடவிட்டு, பிறகு வாழ்நாள் முழுதும் நிறுத்தினாலும் அந்த எலிகளுக்கு நோய் வரவில்லை. மாறாக, தொடக்கத்தில் நிறுத்திவைத்தவற்றை நோய் பிடித்தது. பருவம் பார்த்து உழ வேண்டும் என்பது இதற்கும் பொருந்துகிறது. அதற்காக, வளர்ந்தவர்களுக்குத் தைமஸ் வெறும் கொழுப்பு என்று நினைத்துவிடக் கூடாது. வேறு அறுவை சிகிச்சையின்போது தைமஸ் எடுக்கப்பட்ட பெரியவர்களைப் பற்றி 2023இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், ஐந்து ஆண்டுக்குள் இறந்தவர்கள் அவர்களில் நூற்றுக்கு 8.1 பேர், அதை ஒத்த வேறு இதய, நெஞ்சு அறுவை செய்துகொண்டும் தைமஸ் இருந்தவர்களில் 2.8 பேர். கிடாயிலும் தேடினால் கொழுப்புக்கு நடுவே ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

பெண்களுக்குத் தன்னெதிர்ப்பு நோய்கள் ஏன் மிகுதியாக வருகின்றன என்ற பழைய கேள்விக்கும் இந்த ஏரிடம் விடையின் ஒரு துணுக்கு இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் தைமஸ் செல்களில் ஏரின் அளவைத் தணிக்கிறது என்றும், ஆண் ஹார்மோன் அதைக் கூட்டுகிறது என்றும் 2016இல் ஆய்வுகள் வந்தன. என் வகுப்பில் தைராய்டு மாத்திரை சாப்பிடும் அம்மாக்களின் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒருமுறை கைதூக்கச் சொன்னேன். எண்ணிக்கையை இங்கே எழுதப் போவதில்லை. அது ஆராய்ச்சி ஆகாது. ஆனால் அதன் பிறகு அந்தப் பாடத்தை ஐந்து நிமிடத்தில் முடிக்க மனம் வரவில்லை.

போன மாதம் பாலக்கோட்டுக்குப் போயிருந்தபோது, பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் சந்தையை வரைந்து, கடைகளை வரைந்து, ஒரு கடையில் மட்டும் விளக்கு மங்கலாக எரிவது போலக் காட்டித் தங்கையிடம் இதைச் சொன்னேன். படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப பிஸ்கட்டால இல்லையா அண்ணா?" என்றாள். "இல்லம்மா" என்றேன். மூன்று வருடமாக அவள் அந்த ஒரு கேள்வியைத்தான் வெவ்வேறு வார்த்தையில் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உள்ளே களி கிண்டும் வாசம் வந்தது. மருமகள் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்திருந்த இன்சுலின் பேனாவோடு வந்து, "மாமா, இன்னிக்கு ரெண்டு உருண்டை சாப்பிடப் போறேன்" என்று அறிவித்துவிட்டு, விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தாள். நோட்டில் எழுதினாள். பேனாவின் அடியைத் திருகி அளவை வைத்துக்கொண்டு, பாவாடையை ஒதுக்கித் தொடையில் குத்தி, ஊசியை எடுக்காமல் உதடு அசையப் பத்து வரைக்கும் எண்ணினாள்.